டிக்கெட்டின் பின்பக்கம்

பாராட்டு மடல் எழுத
என்னிடம் சொல்லிவிட்டார்கள்,
கையெழுத்து நன்றாக இருக்குமாம்.
ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் டீச்சர்,
ஃபிரேம் ஏற்கெனவே வாங்கியாச்சு.

‘உடைந்த மேலக்குளத்து மடையைத்
தனியொருவராய் நின்று அடைத்தவர்’
என்று தொடங்கியிருந்தேன்.
உச்சிமாகாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.
“தனியாவா? மணல் மூட்ட தூக்குனது
கீழத்தெரு பேச்சிமுத்தும் அவன் சம்சாரமும்லா.
அவளுக்கு அப்ப ஆறு மாசம்.
நான் டார்ச் அடிச்சிக்கிட்டு நின்னேன்.
அடிச்சிருங்க அத.”

அடித்தேன்.

‘நூலகத்துக்கு இடம் பெற்றுத் தந்தவர்.’
“இடம் ஞானசெல்வம் அக்கா குடுத்தது.
நான் மனுவத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்.
பதினோரு திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் வெயில்ல
எவன் வேணாலும் நிப்பான்.”

‘முப்பத்தெட்டு முறை இரத்ததானம்.’
“முப்பத்தாறு. ரெண்டு தடவ
பிரஷர் கூடுதல்னு திருப்பி அனுப்பிட்டாவ.
அதச் சேக்கப்பிடாது.”

இப்படியே போய்ப் பக்கம் வெளுத்துவிட்டது.
பிறகு எதைத்தான் எழுத, என்றேன்
கொஞ்சம் கோபமாகவே.
ரிட்டயர்டு ஆகி இத்தனை வருஷத்துக்கும் பிறகு
முதல் பஸ்ஸில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு
பின்படிக்கட்டுப் பக்கம் நின்றே போகிற மனிதர்,
அன்று என் வீட்டு நாற்காலியில்
உட்கார்ந்து சொன்னார்.

“எம்பத்தேழு, ஐப்பசி மாசம். நாங்குநேரி வண்டி. நல்ல மழை.
ஒரு பொம்பள, மடியில பிள்ள,
முழுசா அம்பது ரூவா நோட்டு.
டிக்கெட் ரெண்டு நாப்பது. எங்கிட்ட சில்லற இல்ல.
டிக்கெட்டுக்குப் பின்னால நாப்பத்தேழு அறுவதுன்னு எழுதி
எறங்கும்போது வாங்கிக்கோன்னேன்.
பாளையங்கோட்டையில வண்டி நிக்கதுக்கு முன்னாலயே
குதிச்சு ஓடிட்டா.”

டூட்டி முடிந்து, கணக்குக் கட்டி,
பாக்கியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு
ஹைகிரவுண்டுக்கு நடந்திருக்கிறார்.
பெயர் தெரியாது.
ஊதாச் சேலை என்பது மட்டும் தெரியும்.
அன்றைக்கு எத்தனை ஊதாச் சேலைகள்!
ஒரு கட்டிலில் தண்ணீர் கேட்டார்கள்.
ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டி
இதில் என்ன போட்டிருக்கு என்றார்.
இரத்த வங்கி வாசலில் ஓர் ஆள்
ஓ பாசிட்டிவ் ஓ பாசிட்டிவ் என்று
மறந்துவிடாமல் இருக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுநாளும் போனார்.
தேடத்தான்.

“அதுக்குப் பெறகு தேடுதேனா, வேற என்னமும் செய்யுதேனான்னு
எனக்கே பிடிபடாமப் போச்சு.”

அந்தப் பணம்?
“டிப்போல கட்டிட்டேன். ரசீது இருக்கு.”

இதை எழுதட்டுமா என்றேன்.
“நல்லா இருக்கு டீச்சர்.
பாக்கி குடுக்காத கண்டக்டர்னு
ஃபிரேம் போட்டு மாட்டவா?”

ஞாயிறு சாயங்காலம், பள்ளிக்கூட மைதானம்.
ஃபிரேமுக்குள் பெயரும் தேதியும்,
நடுவில் ஏராளமாய் வெள்ளை.
தலைவி வாசித்து முடிக்கப் பத்து விநாடி ஆகவில்லை.
இன்னும் இருக்கும் என்று
மைக்செட்காரன் கையைப் பித்தானில் வைத்தபடியே நின்றான்.

இருட்டியபின் பார்த்தேன்,
கோயிலிலும் சர்ச்சிலும் இரவல் வாங்கிய நாற்காலிகளைப்
பத்துப் பத்தாய் அடுக்கிக்கொண்டிருந்தார்.
“நூத்தியிருவது வாங்குனோம்.
ஒண்ணு கொறையுது டீச்சர்.”

மேடையில் ஒன்று
பொன்னாடை தொங்க அப்படியே கிடந்தது.
நான் சொல்லவில்லை.
அவர் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு
முதல் வரிசையிலிருந்து
மறுபடி எண்ணிக்கொண்டு வந்தார்.